கூப்பிடாமல் தாண்டிய மாடி

வெள்ளை வெளேரென்று ஒரு மொட்டை மாடி. அதன் விளிம்பில் இரண்டு கைகள். அந்தக் கைகளுக்குச் சொந்தமான முகம் எப்போதுமே தெரியாது; குனிந்து பார்த்தால் கால்கள் மட்டும் தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மகளின் லேப்டாப்பில் அதைப் பார்த்ததும் கையிலிருந்த காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டேன். திரையில் கால்கள் ஓடின. மூச்சு இரைக்கிற சத்தம் வந்தது. விளிம்பு வந்ததும் கைகள் முன்னால் நீண்டன.

"பழைய கேம்ப்பா. சும்மா குடுக்குற மாதிரி வெலையில போட்டிருந்தாங்க. மாடி மாடியா ஓடுறது. நீங்க இதெல்லாம் பாத்திருக்க மாட்டீங்க" என்றாள் மகள்.

பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எதற்குத்தான் வாய் வந்திருக்கிறது.

அந்த விளையாட்டின் மேல் எனக்குள்ள கோபத்துக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆகிறது. அதை எழுத வேண்டும் என்றால் மாப்ளயைப் பற்றி எழுத வேண்டும். அவன் எனக்கு உறவில்லை. செல்லூரில் ஒரே கேபிள் டிவி முதலாளியிடம் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாமா என்பான். பேர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவே இல்லை. ஆகையால் இங்கேயும் மாப்ள என்றே எழுதுகிறேன்.

கேபிள்காரனுக்குத் தெரு மாடிதான். செல்லூர்ச் சந்துகளில் கீழே இரண்டு சைக்கிள் எதிரெதிராக வந்தால் ஒருவர் இறங்க வேண்டும். மேலே போய்விட்டால் அப்படி இல்லை. வீட்டுக்கு வீடு ஒட்டி ஒட்டி இருக்கும். இந்தக் கைப்பிடிச் சுவரில் கால் வைத்து அந்தக் கைப்பிடிச் சுவருக்கு எட்டு வைத்தால் அடுத்த வீடு. தோளில் ஒயர் சுருளைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கட்டிங் பிளேயரைச் செருகிக்கொண்டு, ஒரு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தரையில் கால் படாமல் போவோம். கீழே தறிகள் அடிக்கிற அதிர்வு உள்ளங்காலில் ஏறும். மாப்ள அதில் மன்னன். கனத்த உடம்பு, தோள் இரண்டும் அகலம், ஆனாலும் அவன் இறங்கினால் கீழ்வீட்டில் தூங்குகிற குழந்தை அசையாது. நான் ஒல்லி. பூனை மாதிரி ஏறுவேன். எனக்கு வராதது ஒன்றே ஒன்று: கூப்பிடுவது.

அடுத்தவர் மாடியில் கால் வைப்பதற்கு முன்னால் கூப்பிட வேண்டும். இது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். செல்லூரில் நிறைய வீடுகளில் கீழே குளிக்க இடம் கிடையாது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று பக்கம் சிமெண்ட் ஷீட்டை நிறுத்தி, ஒரு பக்கம் சாக்குப் படுதா தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் குளியலறை, கூரை கிடையாது. அதனால் சுவருக்கு இந்தப் பக்கமே நின்று, "கேபிளு... மேல வாரோம்..." என்று மூன்று தரம் குரல் கொடுக்க வேண்டும். யாராவது குளித்துக்கொண்டிருந்தால் வாளியை இரண்டு முறை தட்டுவார்கள். தட்டினால் நாங்கள் முதுகைக் காட்டி நிற்போம். குளித்து முடித்து அவர்கள் இறங்கிப் போகிறவரை கால் மணி நேரமானாலும் நிற்போம். பெண்கள் எங்களை நம்பி மாடியில் குளித்தார்கள் என்றால் அந்தக் குரலை நம்பித்தான்.

என் குரல் பக்கத்து மாடிக்குக்கூடப் போகாது. 'வாரோம்' என்பது தொண்டைக்குள்ளேயே இருமல் மாதிரி நின்றுவிடும். "மாமா, நீ கூப்பிட்டா புறாகூடப் பறக்காது" என்பான் மாப்ள. பிறகு அவனே எனக்கும் சேர்த்துக் கூப்பிடுவான். இரண்டு மாடி தள்ளி அவன் வேலை செய்துகொண்டிருந்தாலும், நான் ஒரு சுவரின் முன்னால் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுப்பான். ஏழு வருடம் அவன் குரலில்தான் நான் வேலை பார்த்தேன்.

அந்த விளையாட்டு எங்கள் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தது முதலாளியின் மச்சினனால். லோக்கல் சேனலுக்குக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்ட ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார்கள். மச்சினன் அதில் எங்கிருந்தோ ஒரு டிஸ்க் கொண்டுவந்து ஏற்றிவிட்டு, இரண்டு நாள் விளையாடிப் பார்த்து, தலை சுற்றுகிறது என்று விட்டுவிட்டான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நானும் மாப்ளயும் உட்கார்ந்தோம்.

முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. கோபமாக எழுதுகிறேன் என்பதற்காக உண்மையை மறைக்க முடியாது. அதைச் செய்தவர்களுக்கு மாடி தெரிந்திருந்தது. விளிம்பில் நின்று கீழே பார்த்தால் வயிற்றுக்குள் ஒரு இழுப்பு வருமே, அது வந்தது. ஓட ஓட மூச்சு ஏறியது. சுவர் ஓரத்தில் நின்றால் கை தானாகப் போய்ச் சுவரில் ஊன்றியது; நாங்கள் அப்படித்தான் ஊன்றுவோம். உயரத்திலிருந்து குதித்தால் சரியான நேரத்தில் பட்டனை அழுத்தி உருள வேண்டும், இல்லாவிட்டால் கால் போகும். வெயில் வெள்ளைச் சுவரில் பட்டுக் கண்ணைக் கூசுவதைக்கூட விடவில்லை.

"மாமா, இந்த ஆளுக்கு மாடிப் பழக்கம் இருக்கு. பாரு, குதிச்சதும் முட்டிய மடக்குறதை" என்றான் மாப்ள.

"ஆம்பளையா பொம்பளையான்னே தெரியலியே."

"காலப் பாத்தா தெரியல. நம்மள மாதிரி கேபிள்தான்னு மட்டும் தெரியுது."

போகவேண்டிய வழி அதில் சிவப்பாகத் தெரியும். ஊரே வெள்ளை, நாம் ஏற வேண்டிய ஏணி, பிடிக்க வேண்டிய குழாய், மிதிக்க வேண்டிய பலகை மட்டும் சிவப்பு. சிவப்பைக் கண்டால் யோசிக்காமல் ஓடலாம். யோசித்தால் வேகம் போய்விடும், வேகம் போனால் அடுத்த தாண்டல் எட்டாது. நிற்காதே, நிற்காதே என்பதுதான் அந்த விளையாட்டு சொல்கிற ஒரே புத்தி.

எரிச்சலும் அதே அளவுக்கு இருந்தது. ஓட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ துப்பாக்கியோடு போலீஸ்காரர்கள் வந்துவிடுவார்கள். வெறுங்கையை வைத்துக்கொண்டு அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஓடத் தெரிந்தவனை எதற்கடா அடிக்கச் சொல்கிறீர்கள்? மாடியிலிருந்து இறக்கிக் கட்டடத்துக்குள் விட்டுவிடுவார்கள். அங்கே எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாமல் சுவர் சுவராக முட்ட வேண்டும். ஒரு இடத்தில், தாண்டிப் போய் எதிர்ச் சுவரில் இருக்கிற குழாயைப் பிடிக்க வேண்டும். முப்பது தரம் விழுந்தேன். கை குழாயைத் தொட்டது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் பிடிக்கவில்லை என்று அது சொன்னது.

"நான் பிடிச்சேன் மாப்ள."

"பிடிச்சா எதுக்கு விழுந்த?"

"நான் பிடிச்சேன். அது பிடிக்கல."

விழுந்தால் காற்றுச் சத்தம் மட்டும் ஏறும், தரை வருகிற நொடியில் திரை இருட்டாகிவிடும், அடுத்த நொடி பழைய மாடியிலேயே நிற்போம். ஒரு கீறல் இருக்காது. விழுந்ததை அந்த ஊரில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏனென்றால், துரத்துகிற போலீஸ்காரர்களை விட்டால் அந்த ஊரில் ஒருவருமே இல்லை. இதை முதலில் கவனித்தது மாப்ளதான். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டு, டப்பாவைத் திறந்து புளிச்சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தான்.

"அம்புட்டு மாடியும் பாத்துட்டேன் மாமா. ஒரு கொடி இல்ல. ஒரு துணி காயல. ஒரு மெளகா காயப்போடல. எவன் வீடுன்னே தெரியல. யாரைக் கூப்பிட்டுட்டுத் தாண்டுறது?"

"கூப்பிட வேணாம்ல. அதான் நல்லாருக்கு."

"உனக்கு நல்லாருக்கும். எனக்கு வேணாம்" என்றான். அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை.

நான் தொட்டேன். தினமும் தொட்டேன். என்னைப் போன்றவனுக்கு அது சொர்க்கம். வாசலில் நின்று பேர் சொல்ல வேண்டியதில்லை. யாரும் என்னை ஏறிட்டுப் பார்க்கப் போவதில்லை. தொண்டையில் எதுவும் சிக்காது. ஓடினால் போதும். இத்தனை அழகாக மூச்சையும் வெயிலையும் செய்யத் தெரிந்தவர்களுக்கு, ஒரே ஒரு மாடியில் ஒரே ஒரு சேலையைக் காயப்போடத் தெரியாமல் போயிற்று. அதில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டு நின்றிருந்தால், தாண்டுவதற்கு முன்னால் நான் ஒருமுறையாவது நின்றிருப்பேன். நிற்கிற பழக்கத்தை அந்த விளையாட்டு என் காலிலிருந்து எடுத்துவிட்டது. எடுக்கட்டும் என்று நானும் விட்டேன்.

அது நடந்த நாள் கிரிக்கெட் மேட்ச். மூன்று மணி சுமாருக்கு ஒரு தெரு முழுக்கப் படம் போய்விட்டது. பட்டம் விட்ட நூலோ குரங்கோ, எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. முதலாளியின் போன் ஓயவில்லை. முதலாளி எங்கள் போனை ஓயவிடவில்லை. "ஏண்டா, இம்புட்டு நேரமா? தெருக்காரன் என் வீட்டுக்கே வந்துருவான் போலருக்கு. ஓடுங்கடா." மாப்ள தெருவின் ஒரு கோடியில் ஏறினான், நான் மறு கோடியில் ஏறினேன். நடுவில் சந்திப்பது என்று ஏற்பாடு.

நான்கு மாடி சரியாகத்தான் போனேன். கூப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன், சுவர்களிடம் நின்று பார்த்துவிட்டாவது போனேன். ஐந்தாவது வீட்டு மாடிக்கும் ஆறாவது வீட்டு மாடிக்கும் நடுவே ஒரு ஆள் அகலத்துக்குச் சந்து. ஆறாவது மாடி கொஞ்சம் தாழ்வு. அந்தப் பக்கம் சுவரில் ஒரு இரும்பு ஏணி சாய்த்து வைத்திருந்தார்கள். புதிதாக ரெட் ஆக்சைடு அடித்து, பெயிண்ட் அடிப்பதற்காகக் காயவிட்ட ஏணி. வெயிலில், வெள்ளையடித்த சுவரில், அது ஒன்றுதான் சிவப்பாக இருந்தது.

என் கால் ஓடிவிட்டது. யோசித்து ஓடவில்லை. சிவப்பைப் பார்த்தேன், ஓடினேன். விளிம்பில் மிதித்து, சந்தைத் தாண்டி, ஏணியின் மேல்கம்பியைப் பிடித்து, முட்டியை மடக்கி இறங்கினேன். இறங்கிய இடத்துக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் நடுவே நான்கு அடிகூட இல்லை. சாக்குப் படுதா ஒதுங்கியிருந்தது. தலைமுழுகிக்கொண்டிருந்த அந்த வீட்டு மருமகள் திரும்பினாள். ஈரத் தலைமுடியும் ஒரு தோளும் பார்த்தேன். வாளி உருண்டது. அவள் அலறினாள்.

நின்று, முதுகைக் காட்டி, "கேபிளும்மா, தப்பா வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. ஓடினேன். அடுத்த மாடி, அதற்கடுத்த மாடி, அங்கே திறந்திருந்த ஒரு படிக்கட்டு, சந்து. இதை எழுத என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த அரை நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. திரையில் முப்பது தரம் விழுந்தவன், அன்று ஒருதரம்கூட விழவில்லை.

சந்தில் நின்று மூச்சு வாங்கும்போது மேலே கூச்சல் கேட்டது. அந்த வீட்டு ஆண்கள் ஏறியிருந்தார்கள். நான் இறங்கிய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, அறுந்த ஒயரைக் கண்டுபிடித்து, குத்தவைத்து ஜாயிண்ட் போட்டுக்கொண்டிருந்தான் மாப்ள. நான் போட்டிருந்த அதே நீல பனியன், முதுகில் அதே முதலாளியின் பெயர். அவர்கள் வேறு யாரைத் தேடப்போகிறார்கள்? அடி விழுகிற சத்தம் கீழே கேட்டது. அதோடு அந்தப் பெண்ணின் குரலும் கேட்டது. "இவரு இல்ல. ஒல்லியா ஒருத்தரு. இவரு இல்லங்கிறேன்ல." ஒரு ஆண் குரல், "நீ பேசாம உள்ள போ" என்றது. அவள் சொன்னதை அங்கே இருந்த யாரும் காதில் வாங்கவில்லை. கீழே நின்ற நான் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கன்ட்ரோல் ரூமுக்கு அவர்கள் மாப்ளயைக் கொண்டுவந்தபோது நான் முன்னாலேயே போய் அங்கே நின்றிருந்தேன். அவன் கீழ் உதடு கிழிந்திருந்தது. கையில் இன்னும் கட்டிங் பிளேயர் இருந்தது. தெருக்காரர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு பேர்ல எவன்டா?"

"அண்ணே, ஏழு வருசத்துல நான் கூப்பிடாம எந்த மாடிலயாவது கால வச்சிருக்கேனா? தெருவுல கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் வந்துருக்காங்க." முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ எங்கடா இருந்த?"

மாப்ள என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. ஒரு சுவருக்கு முன்னால் நான் தயங்கி நிற்கும்போது எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் பார்த்தான். இந்த முறை எனக்காக அவன் குரல் கொடுக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"கீழ. கரண்டு போஸ்ட்கிட்ட நின்னேன்" என்றேன்.

முதலாளி முடித்துவிட்டார். விசாரிக்க அவருக்கு நேரமில்லை, மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஐம்பது அறுபது கனெக்ஷன் போய்விடக் கூடாது. அதற்கு ஒரு ஆளை அனுப்ப வேண்டும். உதடு கிழிந்த ஆள் கையில் இருந்தான். "இனிமே இந்தப் பக்கம் தல காட்டாத" என்றார். மாப்ள பிளேயரை மேசை மேல் வைத்தான். என்னைத் தாண்டி வெளியே போனான். அன்று சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் படம் வந்தது. அவன் போட்ட ஜாயிண்டில்தான் வந்தது.

செல்லூரில் எந்தக் கேபிள்காரரும் அதற்குப் பிறகு அவனைச் சேர்க்கவில்லை. குளிக்கிற பெண்ணை எட்டிப்பார்த்தவன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் போய் நின்றது. அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலூரில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். வருமானம் இல்லாமல் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு திருப்பூர் போனான், திரும்பி வந்தான், ஒரு துக்க வீட்டில் தூரத்தில் பார்த்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிவது எனக்குப் பழக்கம் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இதுதான். என்னை எல்லோரும் சாது என்கிறார்கள். கல்யாண வீடுகளில், வேலை பார்க்கிற இடத்தில், மகளின் கல்லூரியில். "அவரு வாய் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு, பாவம்." கூச்சம் ஒரு குணம் என்று நினைத்துக்கொண்டு எனக்கு மரியாதை கொடுக்கிறார்கள். அந்த மரியாதையை இத்தனை வருடம் வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். கேபிள் போய் இன்டர்நெட் வந்தது. இப்போது ஃபைபர் ஒயர் இழுக்கிறேன். மாடி ஏறுவது குறைந்துவிட்டது. அந்த முதலாளி தல்லாகுளம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். வழியில் பார்த்தால் என்னைத் தட்டிக்கொடுத்து, "நம்பிக்கையான ஆளுய்யா நீ" என்கிறார். அவர் கையைத் தட்டிவிடத் தோன்றும். பேசாமல் நிற்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கடைக்குப் போனதும் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஓடினேன், தாண்டினேன், உருண்டேன். பத்து நிமிடத்தில் நான் முப்பது தரம் விழுந்த அந்தக் குழாய் வந்தது. முதல் தடவையிலேயே பிடித்துவிட்டது. மேலே ஏறிப் பார்த்தால் அதே வெள்ளை மாடிகள், ஒரு ஈ காக்காய் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் ஆத்திரம். லேப்டாப்பை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மாப்ள கோச்சடையில் ஒரு அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேனாக இருக்கிறான் என்று முன்பே தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் செடிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது.

"என்ன மாமா, ஃபைபரா? எந்த வீட்டுக்கு?" என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி.

"உன்னத்தான் பாக்க வந்தேன்." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகச் சொன்னேன். "அன்னைக்கு அந்த மாடில ஓடுனது நான்தான் மாப்ள."

அவன் ட்யூபை அடுத்த செடிக்கு மாற்றினான். "அதான் எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"பெறகு எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற? தெரியாத ஆள்ட்டப் போய்ச் சொல்லு. உள்ள இருக்கா."

படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறைதான் அவர்கள் வீடு. அவன் மனைவி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்று எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் உட்காரவில்லை. மாப்ளயிடம் சொன்ன அதே வார்த்தைகளை அவளிடம் சொன்னேன்.

அவள் கையிலிருந்த அவரைக்காயைத் தட்டில் போட்டாள்.

"அவரு அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு. உங்களத்தான் சொன்னாரு. நான் நம்பல." குரல் உயரவில்லை. "தலையத் தூக்கிப் பாக்காத மனுசன் மேல பழியப் போடுறியேன்னு அவர்ட்டச் சண்டை போட்டேன். பிள்ளையத் தூக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு வருசம். பஸ்ஸேறி வருவாரு. வாசல்ல நின்னு எங்கப்பாட்ட, நான் பாக்கல மாமா, நான் பாக்கலன்னு சொல்லுவாரு. எங்கப்பா கதவச் சாத்துவாரு. பெறகு நான் வந்து சேந்துட்டேன். பிள்ளைக்காக வந்தேன். நம்பி வரல."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கள அண்ணேன்னு கூப்பிட்டேன்ல" என்றாள்.

நான் போகலாம் என்று திரும்பினேன். அவள் விடவில்லை. எங்கப்பா இன்னும் இருக்கிறார், கண் நன்றாகத் தெரிகிறது, இன்றைக்கும் மருமகன் வந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டார், எழுதிக் கொடுங்கள் என்றாள். ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தாள். நின்றபடியே சுவரில் வைத்து நாலு வரி எழுதினேன்: இன்ன தெருவில் அன்று கூப்பிடாமல் மாடி தாண்டியது நான், உங்கள் மருமகன் இல்லை. கையெழுத்தும் போட்டேன்.

அவள் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினாள்.

"ஓடுனது நீங்கன்னு இருக்கு. ஏன் கூப்பிடாமப் போனீங்கன்னு இல்ல. ஏன் அன்னைக்கு வாயத் தொறக்கலன்னு இல்ல. எங்கப்பா கேப்பாரு. நான் என்ன சொல்ல? முழுசா எழுதிக் கொண்டாங்க."

நான் பத்தாவது வரை படித்தவன். கடிதத்துக்கு மேல் எதுவும் எழுதியதில்லை. மூன்று வாரமாக எழுதினேன். மேலூர்ப் பெரியவருக்காக எழுதியதைத்தான், மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே கொடுக்கிறேன். இதை அவர் மருமகனுக்கு முன்னால் அவரிடம் கொடுக்கப் போகிறவனும் நான்தான். அவள் அதையும் சொல்லிவிட்டாள், அந்த வீட்டு வாசலில் நானும் ஒருமுறை நிற்க வேண்டுமாம்.

அவள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். யாருமில்லாத ஊரில் ஓடிப் பழகி, ஆள் இருக்கிற ஊரில் ஓடினேன். அதில் பாதிப் பழியை அந்த விளையாட்டின் மேல் போட எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் பேனா நின்று நின்று போனது. கூச்சம் என்று எழுதினேன், அடித்தேன். பயம் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். கேள்வியே தப்பு என்று பிறகுதான் புரிந்தது. அன்று நான் வாயைத் திறக்காமல் இல்லை. கீழே, போஸ்ட்கிட்ட நின்றேன் என்று சொன்னேன். முதலாளிக்குக் கேட்டது, மாப்ளக்குக் கேட்டது, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அவ்வளவு தெளிவாக நான் என் ஆயுளில் எதையும் சொன்னதில்லை.